முதியோருக்கு நெஞ்சுப் பெருந்தமனி வீக்கம்: வயது மட்டுமே தடையல்ல

மலாக்காவில் தோட்டமானாலும் பட்டணமானாலும், வயதானவருக்கு இருதய அறுவை சிகிச்சை என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த வயசுல நெஞ்சைப் பிளக்கணுமா?" என்பதுதான். பெருந்தமனி வீக்கத்தில், வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

இருதயத்திலிருந்து புறப்பட்டு உடல் முழுவதற்கும் இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய் பெருந்தமனி. அது முதலில் மேல்நோக்கி ஏறும் பகுதியின் அகலம் பொதுவாக 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும். உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், முதுமை, பரம்பரைக் கோளாறு ஆகியவற்றால் சுவர் தளர்ந்து வீங்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது; வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனில்தான் தெரியவரும். 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் பொதுவாக அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். சிலருக்கு அதற்கு முன்பே தேவைப்படலாம். அதுவரை மருந்தும் ஸ்கேன் கண்காணிப்பும்தான் வழி.

உட்சுவர் கிழிந்துவிட்டால் நிலைமை வேறு. முதல் இரண்டு நாட்களில், சிகிச்சையின்றி கடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மரண அபாயம் 1 முதல் 2 விழுக்காடு கூடும். நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பதுபோல் வலித்தால், வாயுக் கோளாறு என்று தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.

வழக்கமான சிகிச்சையில் நெஞ்செலும்பை முழுவதும் திறந்து, இருதய-நுரையீரல் எந்திரத்தின் துணையுடன், பழுதான பகுதியை அகற்றி செயற்கைத் துணிக்குழாயைத் தைப்பார்கள். சிறு கீறல் முறையில் எலும்பின் மேற்பகுதியை மட்டும் திறக்கிறார்கள். உள்ளே நடக்கும் வேலையும் எந்திரமும் அதேதான். ஆனால் நெஞ்சுக்கூடு உறுதியாக நிற்பதால், மூச்சு விடுவதும் எழுந்து நடமாடுவதும் எளிதாகலாம். முதியோருக்கு இது முக்கியம். எனினும், எல்லா நோயாளிக்கும் இம்முறை பொருந்தாது.

தொடை வழியாக ஸ்டென்ட் வைக்கும் முறை, பெருந்தமனியின் கீழிறங்கும் பகுதிக்கு 1990களிலிருந்தே உண்டு. ஏறும் பகுதியிலோ ஒரு முனையில் இருதய வால்வும் இருதயத்துக்கே இரத்தம் தரும் குழாய்களும், மறுமுனையில் மூளைக்குச் செல்லும் குழாய்களும் உள்ளன. ஆகவே திறந்த சிகிச்சையைத் தாங்க முடியாத சிலருக்கு மட்டுமே அங்கு அது முயலப்படுகிறது.

அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, 1950களில் டேக்ரான் துணியைத் தையல் எந்திரத்தில் தைத்து செயற்கைக் குழாய் செய்தவர். அவருக்கே 97 வயதில் இந்தக் கிழிசல் ஏற்பட்டது. 2006இல் திறந்த அறுவை சிகிச்சை செய்தார்கள். தேற மாதக்கணக்காயிற்று, ஆனாலும் 2008 வரை, 99 வயதுவரை வாழ்ந்தார்.

நம் நாட்டில் 1992 முதல் இயங்கும் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கு, மலாக்காவிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள்: வீக்கம் எத்தனை சென்டிமீட்டர்? போன ஸ்கேனைவிட எவ்வளவு கூடியிருக்கிறது? சிறு கீறல் முறை இவருக்குப் பொருந்துமா?

இரத்த அழுத்தத்தை அரசாங்கக் கிளினிக்கிலேயே ஒரு வெள்ளி கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டியை அழைத்துச் செல்ல, வீட்டில் ஒருவர் அரை நாள் ஒதுக்கினால் போதும்.