ஏர் ரைபிளின் உதையும் அதிர்வும்: குறி தவறுவது ஏன்?



கங்கம்மா ஜாத்திரையில் பலூன் சுடும் கடையைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பிள்ளை குறி பார்த்துத்தான் சுடுகிறான். பலூன் மட்டும் உடைவதில்லை. உடனே "கை நடுங்குகிறது, கண் சரியில்லை" என்று பிள்ளையைக் குறை சொல்கிறோம். ஆனால் அதில் பாதிக் குற்றம் துப்பாக்கியைச் சேர்ந்தது.

இந்த விளையாட்டில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்கு இப்போது ஆர்வம் வந்திருக்கிறது. சில லட்சம் ரூபாய் கொடுத்து வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்க வசதியில்லை, அதனால் மகளை நிறுத்திவிடலாமா என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். ரயில்வேயில் சுருள்வில்லோடும் அதிர்வோடும் காலம் கழித்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

சாதாரண ஏர் ரைபிளின் உள்ளே ஒரு சுருள்வில்லும் அதன் முன்னால் ஒரு பிஸ்டனும் உண்டு. குழலை மடக்கும்போது வில் அழுந்தி நிற்கிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நெருக்க, அந்தக் காற்று ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே வருகிறது. நெருங்கிய காற்றின் மீது பிஸ்டன் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுபடுகிறது. ஆக, உதை ஒன்றல்ல, இரண்டு. எல்லாம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நடக்கிறது. குண்டு குழலின் வாயைத் தாண்டுமுன்பே முதல் உதை முடிந்து, இரண்டாவதும் தொடங்கிவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு. பிஸ்டனின் எடை கால் கிலோ, துப்பாக்கியின் எடை 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் 8 செ.மீ. ஓடினால் துப்பாக்கி ஏறக்குறைய 7 மி.மீ. பின்னே நகரும். அது நேராக நகர்ந்தால் கெடுதல் இல்லை. ஆனால் அரை மீட்டர் நீளக் குழலின் நுனி அரை மி.மீ. பக்கவாட்டில் சாய்ந்தாலே, 10 மீட்டர் தூரத்தில் குண்டு 10 மி.மீ. தள்ளிப் படும். பந்தயத்தில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் விட்டமோ வெறும் அரை மி.மீ.!

அப்படியானால் இறுகப் பிடித்து உதையை அடக்கிவிடலாமே என்று தோன்றும். அடக்க முடியாது. நம் கையின் இறுக்கம் ஒவ்வொரு முறையும் மாறும். அதோடு குண்டு படும் இடமும் மாறும். பழைய பீரங்கியை உருளை வண்டியில் ஏற்றி, தாராளமாகப் பின்னே ஓட விட்டார்கள் அல்லவா? அதுதான் வழி. முன்கையை விரித்து உள்ளங்கையில் துப்பாக்கியைக் கிடத்த வேண்டும். விரல்களால் கவ்வக் கூடாது. தோளிலும் மெதுவாகச் சேர்த்தால் போதும். கோயில் மணியைத் தொட்டுக்கொண்டு அடித்தால் நாதம் மாறுவதுபோல, கை வைக்கும் இடம் மாறினால் துப்பாக்கியின் அதிர்வும் மாறும். அதனால் கட்டையில் ஒரு சாக்பீஸ் குறி இட்டு, எப்போதும் அதே இடத்தில் கை வைக்கப் பழக்குங்கள். மேசை விளிம்பிலோ சுவரிலோ நேரடியாகச் சாய்த்துச் சுட்டால் துப்பாக்கி துள்ளும். மணல் பையும் அதன்மேல் உள்ளங்கையும் இருக்கட்டும். சுட்ட பிறகும் ஒரு விநாடி குறியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

அடுத்தது திருகாணிகள். தண்டவாளத்தில் கீமேன் தினமும் நடந்து ஆணிகளைப் பார்ப்பது எதற்காக? அதிர்வு எதையும் தளர்த்திவிடும் என்பதற்காகத்தான். துப்பாக்கியை மரக்கட்டையோடு பிணைக்கும் திருகாணிகளும் அப்படியே. சுடத் தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் பாருங்கள். மரம் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். ஸ்பிரிங் வாஷர் போட்டால் நல்லது. மடக்கும் குழல் அதன் மூட்டில் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஆடினால் வேறு எந்த வைத்தியமும் பலிக்காது.

மூன்றாவது, "டொய்ங்" என்ற அந்த ஓசை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டியின் அடியில் சுருள்வில்லோடு டாஷ்பாட் என்ற எண்ணெய்ச் சாதனமும் இருக்கும். வில் மட்டும் இருந்தால் பெட்டி ஆடிக்கொண்டே போகும்; எண்ணெய்தான் அந்த ஆட்டத்தை அடக்குகிறது. ஏர் ரைபிளிலும் வில்லுக்கும் அதன் உள்ளே நிற்கும் தண்டுக்கும் இடைவெளி அதிகமானால் வில் நெளிந்து அதிரும். இடைவெளி இல்லாமல் பொருந்தும் தண்டு ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்து போட்டு, வில்லின் மேல் பசைபோல ஒட்டும் கெட்டியான கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் ஓசையும் அதிர்வும் பெரிதும் குறையும். என் பேத்தியின் துப்பாக்கியில் இதைச் செய்து, பிடிக்கும் முறையையும் மாற்றினோம். முன்பு எலுமிச்சம்பழ அளவுக்குப் பரவிய ஐந்து துளைகளும் இப்போது ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகின்றன.

ஓர் எச்சரிக்கை. வில் எப்போதும் அழுத்தத்தில் இருப்பதால், உரிய கவ்வி இல்லாமல் வீட்டில் கழற்றக் கூடாது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். பிஸ்டனுக்கு முன்னால் உள்ள அறையில் தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விடவே கூடாது. நெருங்கும் காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சினில் போலப் பற்றி வெடிக்கும். குண்டின் வேகம் தாறுமாறாகும், வில்லும் உடையலாம். குண்டு இல்லாமல் வெறுமனே சுடுவதும் பிஸ்டனைக் கெடுக்கும்.

பெரிய நிறுவனங்களும் இதே பிரச்சினையோடுதான் போராடின. ஜெர்மனியின் டயானா நிறுவனம் எதிரெதிரே ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்து உதையை உதையாலேயே சமன் செய்தது. ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் துப்பாக்கியின் இயந்திரப் பகுதியைக் கட்டைக்குள் தண்டவாளம் போன்ற பாதையில் பின்னே சறுக்க விட்டது. இன்றைய பந்தயத் துப்பாக்கியில் வில்லே கிடையாது. உருளையில் அடைத்த அழுத்தக் காற்றுதான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் இளவேனில் வாலறிவன். கடலூரில் 1999இல் பிறந்து, நம்மைப் போலவே தமிழ்நாட்டுக்கு வெளியே, குஜராத்தில் வளர்ந்தவர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவுக்காகச் சுட்டார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். ஆனால் அது பொம்மை அல்ல, கண்ணைப் பறித்துவிடும். பின்னால் மண் மேடோ கனமான தடுப்போ உள்ள இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க மட்டுமே சுட வேண்டும். நம் ஊரை ஒட்டிக் கௌண்டின்யா சரணாலயம் இருக்கிறது. பறவையைக் குறிவைப்பது பாவம் மட்டுமல்ல, 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: உதைக்கும் துப்பாக்கியில் ஒரே மாதிரி சுடப் பழகிய பிள்ளைக்கு, நாளை உதைக்காத துப்பாக்கி கிடைத்தால் வேலை எளிது. மகளை நிறுத்த வேண்டாம். முதலில் திருகாணியை முடுக்குங்கள், பிடியைத் தளர்த்துங்கள். லட்சத்தைப் பற்றி இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம்.