வெள்வேலத்தைத் தேட எத்தனை பெயர்?

கோவை ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் உள்ள ஃபாரஸ்ட் காலேஜ் வளாகம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம். அதே வளாகத்தில்தான் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தின் ஃபிஷர் ஹெர்பேரியமும் இருக்கிறது. ஹெர்பேரியம் என்றால் தாளில் ஒட்டிய காய்ந்த கிளைகளின் சேமிப்பு. ஒவ்வொரு தாளிலும் ஒரு லேபிள்: செடியின் பெயர், பறித்த இடம், தேதி, பறித்தவர்.

இணையத்தில் தேடுபவரைத் தடுமாற வைப்பது இந்த லேபிளில் உள்ள பெயர்தான். காங்கேயம் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள் நிற்கும் வெள்வேலத்தையே எடுத்துக்கொள்வோம். 1800இல் ராக்ஸ்பர்க் அதை மைமோசா லூக்கோஃப்ளோயா என்றார். 1806இல் வில்டெனோவ் அகேசியாவில் சேர்த்தார். இருநூறு ஆண்டுகள் அப்படியே ஓடின. அகேசியா ஒரே பேரினமல்ல, பல பேரினங்கள் என்பது தெரியவந்ததும், அந்தப் பெயர் யாருக்கு என்று தகராறு. ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் கொண்ட ஆஸ்திரேலியாவுக்கே என்று 2005 வியன்னா தாவரவியல் மாநாடு தீர்த்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியும் 2011இல் மெல்போர்னில் அதுவே உறுதியானது. நம் மரம் வாச்செல்லியா ஆயிற்று. ஆடுகள் என்னவோ பழையபடியே நெற்றைத் தின்கின்றன.

பழைய பெயரில் தேடினால் பழைய ஆய்வுகள், புதியதில் தேடினால் புதியவை. இங்கே கை கொடுப்பது லண்டன் கியூ தோட்டத்தின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’. எந்தப் பெயரைத் தட்டினாலும் இன்று ஏற்கப்பட்ட பெயரையும் மற்ற பெயர்களையும் காட்டிவிடும். முதலில் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடப் போவதே உருப்படியான வழி.

செடியின் உறுப்பு, குணம் என்று வந்தால் பெயர்ப் பட்டியல் போதாது. அங்கே ஆன்டாலஜி வேண்டும்: எது எதன் வகை, எது எதன் பகுதி என்று கணினிக்குச் சொல்லிவைக்கும் ஏற்பாடு. பிளான்ட் ஆன்டாலஜியில் கனிக்கு எண் பிஓ:0009001. நெல்மணியும் நெற்றும் அதன் வகைகள். ஆகவே இந்த எண்களோடு பதிந்த தரவில் ‘கனி’ என்று கேட்டால் இரண்டும் வரும். பழ ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் மரபணுத் தரவை வைத்திருந்தவர்கள் 1998இல் தொடங்கிய ஜீன் ஆன்டாலஜிதான் இதற்கு முன்னோடி.

வயல் நோட்டில் ‘பி.ஹெச்.’ என்று தலைப்பிட்டால் அது செடியின் உயரமா (பிளான்ட் ஹைட்), மண்ணின் கார அமில நிலையா? எழுதியவருக்குத் தெரியும், பத்து வருடம் கழித்துப் புரட்டுபவருக்குத் தெரியாது. செடிகளின் குணங்களுக்கான ட்ரெய்ட் ஆன்டாலஜியின் எண்ணான டிஓ:0000207 என்று போட்டால் உயரம்தான், சந்தேகமில்லை. பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

கருவேலத்தை வெள்வேலம் என்று எழுதி வைத்திருந்தால் மட்டும் எந்த எண்ணும் காப்பாற்றாது. ஹெர்பேரியத் தாளை எடுத்து லென்ஸ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1853இல் தொடங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியமும் இப்போது கோவையில்தான், வேளாண் பல்கலை வளாகத்தில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் தாள் எண்ணுக்கு முன் ‘எம்ஹெச்’ என்று இருந்தால், அந்தத் தாள் அங்கே இருக்கிறது என்று பொருள்.