அனுப்புநர் யார்?

2025 நவம்பர். பெங்களூரின் குரூப் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்துக்கு ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் தர வேண்டிய தொகை ரூ. 2.16 கோடி. பணம் போனது. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் வதோதராவில் வேறு யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு. பெங்களூர் நிறுவனத்தின் முகவரியைப் போலவே தோன்றிய ஒரு முகவரியிலிருந்து வந்த மின்னஞ்சல் செய்த வேலை. வழக்கு பெங்களூர் போலீசிடம் வந்தது.

சற்றே மாறிய முகவரிக்கே இந்த மரியாதை. ஓர் எழுத்துகூட மாற்றாமல், கம்பெனியின் அசல் முகவரியையே போட்டு அந்நியர் ஒருவர் கடிதம் அனுப்ப முடியும் என்பது பீன்யா தொழிற்பேட்டையில் தினமும் பில் அனுப்பும் முதலாளிகள் பலரை ஆச்சரியப்படுத்தக்கூடும்.

காரணம் பழையது. மின்னஞ்சல் ஓடுவது 1982-ல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. விதிகளின் மேல். ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதிக்கொண்ட காலம். அனுப்புபவர் யார் என்று சோதிக்க வேண்டும் என யாருக்கும் தோன்றவில்லை. தபால் உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாமே, அதே கதைதான்.

பிற்பாடு மூன்று பூட்டுகள் வந்தன. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் இவை என்று டொமைன் பதிவேட்டில் பட்டியலிடுவது எஸ்.பி.எஃப். ஒவ்வொரு கடிதத்திலும் டிஜிட்டல் கையெழுத்து இடுவது டிகிம். இவற்றில் ஒன்றுகூட முகவரியோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்வது 2012-ல் அறிமுகமான டிமார்க்: சும்மா கவனி, ஸ்பாமில் போடு அல்லது நிராகரி.

சிக்கல் இங்கேதான். தினமும் 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகிள் விதித்தது. ஆனால் ‘சும்மா கவனி’ என்று எழுதினாலே அதற்குப் போதும். பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பாத கதை. நிராகரி என்றால் சொந்தக் கடிதமே நின்றுவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. பில் ஒரு மென்பொருள் வழியாகவும், சம்பளச் சீட்டு இன்னொன்றின் வழியாகவும், விளம்பரம் மூன்றாவதன் வழியாகவும் போகும்; எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். டிமார்க் அனுப்பும் அறிக்கைகளைச் சில வாரங்கள் பார்த்தால் விட்டுப்போனவை தெரிந்துவிடும். அதற்கென ஓர் ஆளை ஒதுக்கத்தான் மனம் வருவதில்லை.

கூட்டுறவு வங்கிகளுக்கு 2019-லேயே டிமார்க்கைக் கட்டாயமாக்கியது ரிசர்வ் வங்கி. போலி டொமைன்களைத் தடுக்க, 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் முகவரிக்கு மாறும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. மற்ற கம்பெனிகளுக்கு அப்படி வேலி கிடையாது. எழுத்து மாறிய டொமைனை வாங்கியவர் அதற்கு மூன்று பூட்டுகளையும் முறையாகவே போட்டுக்கொள்ளலாம். கணக்கு எண் மாறிவிட்டது என்று கடிதம் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு ஒரு போன் போடுவது ஒன்றுதான் வழி.