மேகக் கிடங்கைக் காலிசெய்யும் முறை

ஸ்ரீபெரும்புதூரில் 2006-ம் வருஷம் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை, 2014-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் உற்பத்தியை நிறுத்திற்று. தொழிலாளர் வெளியேறினர், கட்டிடமோ நின்றது. 2019-ல்தான் சால்காம்ப் என்னும் கம்பெனி அதனை ஏற்கும் என்னும் செய்தி வந்தது. வேலை முடிதல் வேறு, இடம் ஒழிதல் வேறு. கணிப்பொறி உலகிலும் இவ்வுண்மை உண்டு.

ஒரகடம் சாலையில் லாரிகள் சுமந்து செல்லும் கன்டெய்னர்களை நாம் அறிவோம். ஒரு செயலியையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒருங்கே அடைத்த கட்டுக்கும் அப்பெயரே வழங்குகிறது. இவற்றைக் கிளஸ்டர் எனப்படும் கணிப்பொறிக் கூட்டத்தில் ஏற்றி இறக்கி நடத்துவது குபர்நெட்டீஸ். கூகிள் கம்பெனியார் 2014-ல் வெளியிட்டது. கிரேக்க மொழியில் இச்சொல்லுக்கு மீகாமன் என்பது பொருள்.

கன்டெய்னர் அழியும் இயல்பினது. ஆதலின், ஒரு வாகன உறுப்பு சோதனையில் தேறிய விவரம் போன்று நிலைக்கவேண்டிய குறிப்புகள், மேகம் எனப்படும் வாடகைக் கிடங்கில் தனி வட்டில் வைக்கப்படும். வட்டைக் கேட்கும் விண்ணப்பம் கிளெய்ம். கிடைத்த வட்டின் பதிவு வால்யூம். விண்ணப்பம் நீக்கப்படுங்கால் வட்டு என்னாகும் என்பதை ரிக்ளெய்ம் விதி தீர்மானிக்கும். டெலிட் எனில் வட்டும் அதிலுள்ளவையும் அழியும்; ரிடெயின் எனில் நாமே நீக்குமளவும் நிற்கும். விண்ணப்பத்தின்பேரில் தானே உண்டான வட்டுக்கு, வேறு குறிப்பு இல்லையேல், டெலிட் விதியே பொருந்தும்.

பிழை நேர்வது வரிசையிலேதான். வேலை முடிந்ததும் சிலர் கிளஸ்டரையே முதலில் அழித்துவிடுகின்றனர். வட்டை நீக்குமாறு மேகத்துக்குக் கட்டளையிட வேண்டியவன் அம்மீகாமனே. அவனை முன்னதாக இறக்கிவிட்டால் கட்டளையிடுவார் யார்? வட்டு கேட்பாரற்றுக் கிடக்கும். வாடகையோ மாதந்தோறும் ஏறும்.

ஆகவே முறை இது. முதற்கண், காக்கவேண்டியவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்து, அப்பிரதி திறந்து படிக்கத்தக்கதோ என்று பார்க்க. அடுத்து, வட்டைப் பயன்படுத்தும் செயலிகளை நிறுத்துக. அவை ஓடுமளவும் விண்ணப்பம் நீங்காது. பின்னர் விண்ணப்பங்களை நீக்கி, டெலிட் விதியுடைய வால்யூம்கள் பட்டியலினின்றும் மறைந்தமை காண்க. அதன் பின்னரே கிளஸ்டரை அழிக்க. இறுதியாக மேகக் கணக்கினுள் நோக்கி, ரிடெயின் விதியால் நின்ற வட்டுகளையும், பழைய ஸ்னாப்ஷாட்டுகளையும் வேண்டாதவையெனில் கையால் நீக்குக.

வாடகை நஷ்டம் ஈடுசெய்யத்தக்கது. பிரேக் ஒன்றின் சோதனைக் குறிப்பு அழிந்துபோயின், பின்னொரு நாள் அதிற் குறை காணுங்கால் எவ்வெவ்வண்டிகளைத் திரும்ப அழைப்பதென்று அறிய வழியிராது. நல்ல உக்கிராணக்காரன் கணக்கை முடித்த பின்னரே சாவியை ஒப்புவிப்பான். இத்தொழிற்சாலைகளில் நாளை பணிபுரியப்போகும் நம் மாணவரும் அங்ஙனமே செய்வாராக.