குளோரின் நச்சை முறிக்கும் நுண்ணுயிர்: பாதியில் நின்றால் ஆபத்து

டோபி கடைகளில் உலர் சலவைக்கும், தொழிற்சாலைகளில் இரும்புப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் நீண்ட காலமாகப் பயன்பட்டு வருபவை குளோரின் கலந்த கரைப்பான்கள். பெர்குளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன் இரண்டும் அவற்றில் முக்கியமானவை.

இவை நீரைவிடக் கனமானவை. தரையில் கொட்டினால் மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். கிளந்தான் போல நிலத்தடி நீரைக் குடிநீராகப் பயன்படுத்தும் இடங்களில் இது சிறிய விஷயமல்ல. டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

இந்த நச்சை முறிக்கும் நுண்ணுயிர் ஒன்று மண்ணடியிலேயே உண்டு. அதன் பெயர் டிஹாலோகாக்காய்டிஸ். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் இதை அறிவித்தனர்.

நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம். இந்த உயிரோ ஆக்சிஜன் இல்லாத இடத்தில், குளோரின் சேர்மங்களையே 'சுவாசிக்கிறது'. ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரான்களை எடுத்துக் கரைப்பானுக்குக் கொடுக்கிறது. அப்போது ஒரு குளோரின் அணு கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் அமர்கிறது. இப்படி நான்கு குளோரின் மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் எத்திலீன் மட்டும் மிஞ்சும். பழம் பழுக்கும்போது வெளிவரும் அதே வாயுதான் இது.

சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. ஒரு குளோரின் மட்டும் மிஞ்சிய நிலையில் அது வினைல் குளோரைடு. இதுவும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளே. பல நுண்ணுயிர்கள் அதற்கு முன்போ, அந்த நிலையிலோ நின்றுவிடுகின்றன. வினைல் குளோரைடிலேயே வளர்ந்து அதை எத்திலீனாக மாற்றும் வகை 2003-இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆய்வின் முதன்மை ஆசிரியர் சியான்சோங் ஹே, பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மாசுபட்ட இடத்தில் துளையிட்டு, தாவர எண்ணெய் அல்லது சர்க்கரைப்பாகு செலுத்துவார்கள். மற்ற நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜன் கிடைக்கும். தேவைப்பட்டால் டிஹாலோகாக்காய்டிஸையும் சேர்த்து விடுவார்கள். ஆயினும் நீர் சுத்தமாக மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள் ஆகும்.

ஒரு வாளி கரைப்பானைக் கால்வாயில் ஊற்ற ஒரு நிமிடம் போதும். மலேசியாவில் இத்தகைய பழைய கரைப்பான்கள் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் அட்டவணைக் கழிவுகளாகும். பட்டறையானாலும் டோபி கடையானாலும், மூடிய கலனில் சேர்த்து உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே சரியான வழி.