வண்டி தாழலாம், டயர் தாழக் கூடாது

அமெரிக்காவில் பிக்-அப் வண்டியைத் தாழ்த்தி ஓட்டுவது நேற்று முளைத்த மோகம் அல்ல. தெற்குக் கலிபோர்னியாவில் செவர்லே சி-10-ஐயும், ஜப்பானிலிருந்து வந்த சின்ன டாட்சன், டொயோட்டா வண்டிகளையும் தரையை ஒட்டி இறக்கி ஓட்டிய இளைஞர்கள் பலர் இன்று தாத்தாக்கள். இத்தனை காலமாகியும் ஒரு கேள்வியில் மட்டும் குழப்பம் தீரவில்லை: தாழ்த்திய வண்டிக்கு எந்த ரிம், எந்த டயர்? பெரும்பாலோர் ரிம்மில் தொடங்குகிறார்கள். 20 அங்குலமா 22 அங்குலமா என்று முடிவுசெய்து, பணத்தையும் கட்டிவிட்டு, அதன்பிறகு அதற்குப் பொருந்தும் டயரைத் தேடுகிறார்கள். இது தலைகீழ்க் கணக்கு. முதலில் முடிவாக வேண்டியது டயரின் மொத்த உயரம். அது கம்பெனி கொடுத்த உயரத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ரிம் கடைசியில் வரட்டும்.

ஏன் என்று பார்க்க வண்டிக்கு அடியில் குனிய வேண்டும். 'நாலு-ஆறு' என்று சொல்லப்படும் வழக்கமான தாழ்த்தலில் முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 6 அங்குலமும் இறங்கும். பின்னால், ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடியில் இருக்கும் ஆக்சிலைப் பட்டைகளுக்கு மேலே மாற்றிவிடுவார்கள்; சேசிஸில் இடிக்காமலிருக்க அந்த இடத்தில் சட்டத்தை வளைவாக வெட்டி வலுக்கூட்டுவார்கள். இதில் இறங்குவது உடலும் சேசிஸும்தான். ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஓர் அங்குலம்கூட இறங்குவதில்லை. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயர் மட்டுமே. சின்ன டயர் போட்டு வண்டியைத் தாழ்த்துகிறவர், இறங்கவே கூடாத அந்த ஒன்றை இறக்குகிறார்.

அதில் கிடைக்கும் லாபமும் அற்பம். 2007 முதல் 2013 வரை வந்த செவர்லே சில்வராடோ 1500-க்குக் கம்பெனி கொடுத்த அளவுகளில் ஒன்று 265/70 ஆர்17. அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. இரண்டு பக்கச்சுவரையும் 17 அங்குல ரிம்மின் 431.8-ஐயும் கூட்டினால் மொத்த உயரம் 802.8 மி.மீ. இதைக் கழற்றிவிட்டுப் பலர் ஆசையோடு மாட்டும் 275/40 ஆர்20-இன் உயரம் 728 மி.மீ. குறைந்தது 75 மி.மீ. என்றாலும் வண்டி இறங்குவது அதில் பாதி, 37 மி.மீ. மட்டுமே. இதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 60 மைல் என்று காட்டும்போது வண்டி 54 மைலில்தான் போய்க்கொண்டிருக்கும். ஓடாத தூரமும் மீட்டரில் ஏறும்.

"சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது, பெரிய ரிம் மின்ன வேண்டும், அதற்காகத்தானே இவ்வளவு செலவு?" என்பார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த இடைவெளியை அடைப்பது ரிம் அல்ல, டயரின் வெளி விட்டம். 305/40 ஆர்22-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 558.8-உடன் 244. மொத்தம் 802.8 மி.மீ. கம்பெனி டயரின் உயரமேதான். ஆக, உயரத்தை விடாமலே 22 அங்குலம் போகலாம். போகலாமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு முதல் பதில், ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஒவ்வோர் ஆக்சிலும் எவ்வளவு எடை தாங்கலாம் என்று அதில் போட்டிருக்கும். பின் ஆக்சிலுக்கு 1,790 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 895 கிலோ. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண்தான் அதன் சுமைக் குறியீடு. முன்பு பார்த்த 275/40 ஆர்20-இல் வழக்கமாக இருக்கும் 106 என்பது 950 கிலோவைக் குறிக்கும். போதுமே என்று தோன்றும். ஆனால் கார் டயரை டிரக்கில் மாட்டினால் அதன் திறனை 1.1-ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. வகுத்தால் 863 கிலோ. தோற்றுவிட்டது. "நான் என்ன செங்கல்லா ஏற்றப்போகிறேன்?" என்று கேட்கலாம். செங்கல் வேண்டாம், ஒரு மோட்டார் சைக்கிளும் நண்பர்கள் நாலு பேரும் போதும். அதுவும் பிக்-அப் வைத்திருப்பவரிடம் ஊரே வந்து வண்டி கேட்கும்.

இரண்டாவது பதில் பக்கச்சுவரில் இருக்கிறது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. தாழ்த்திய வண்டியில் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆட இடம் குறைவு. பள்ளத்தில் இறங்கியதும் ஆக்சில் சீக்கிரமே ரப்பர் தடுப்பில் போய் முட்டும். அதன்பிறகு அதிர்ச்சியை வாங்க மிஞ்சியிருப்பது டயருக்குள் இருக்கும் காற்றுதான். அந்த நேரம் பார்த்துப் பக்கச்சுவரை 185-லிருந்து 122 மி.மீ.க்குச் சுருக்கினால், இருந்த இரண்டு மெத்தைகளையும் ஒருசேர உருவியதாகும். ரிம் நெளிவதும் டயர் வெடிப்பதும் இங்கேதான் தொடங்குகின்றன. தினமும் ஓடும் வண்டிக்கு நான் 285/50 ஆர்20-ஐச் சொல்வேன். உயரம் 793 மி.மீ., கம்பெனி டயரைவிட ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு. பக்கச்சுவர் 142 மி.மீ. இருக்கும். சுமைக் குறியீடு 111 என்றால் 1,090 கிலோ, 1.1-ஆல் வகுத்தாலும் 990 மிஞ்சும்.

பெரிய ரிம்முக்கு ஆதரவாக உண்மையான வாதம் ஒன்றும் உண்டு. டயர் பஞ்சரானால் வண்டி ரிம்மின் விளிம்பில் உட்காரும். அந்த விளிம்புக்குக் கீழே ஏதாவது தொங்கினால் அது சாலையை உழும். உயரம் ஒன்றேயான டயர்களில் 22 அங்குல ரிம்மின் விளிம்பு, 17 அங்குலத்தைவிட ஆறு சென்டிமீட்டர் தரைக்கு நெருக்கம். எனவே பஞ்சரில் வண்டி அந்த அளவுக்குக் குறைவாகவே விழும். கலிபோர்னியா இதைச் சட்டமாகவே வைத்திருந்தது: மாற்றியமைத்த வண்டியின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது. 1959-இல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பொருத்தி, போலீஸைக் கண்டதும் வண்டியை உயர்த்திக்கொண்டது இந்தச் சட்டத்துக்குத் தண்ணி காட்டத்தான். 2024-இல் சட்டம் போய்விட்டது. அதிலிருந்த பொறியியல் போகவில்லை. ஆனாலும் பஞ்சர் என்றோ ஒருநாள் வருவது, பள்ளம் தினமும் வருவது.

அகலத்தை மறந்துவிடக் கூடாது. 305 டயருக்குக் குறைந்தது 10 அங்குல அகல ரிம் வேண்டும். கூடுதல் அகலம் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்பதை ரிம்மின் ஆஃப்செட் முடிவுசெய்யும். வெளியே தள்ளினால், வண்டி அமுங்கும்போது ஃபெண்டரின் உதடு டயரின் தோளை அறுக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை ஏறும். உள்ளே தள்ளினால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது சேசிஸில் உரசும். நிற்கும் வண்டியில் விரலை விட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் ரப்பர் தடுப்பு முட்டும்வரை தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்துக் கண்காட்சியில் சேசிஸைத் தரையில் படுக்கவைக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 24 அங்குலம் போட்டாலும் அவர்கள் பள்ளத்தைத் தேடி ஓடப்போவதில்லை. மற்றவர்கள் டயரை மாற்றிய கையோடு காற்றழுத்தத்தையும் மாற்ற வேண்டும். கதவு ஸ்டிக்கரில் இருக்கும் 35 பி.எஸ்.ஐ. பழைய டயருக்கான அழுத்தம். எக்ஸ்.எல். (கூடுதல் சுமை) என்று குறித்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்க அதற்கும் மேலே, 40-ஐத் தாண்டிக் கேட்கும்.