கார் இன்ஜெக்டரை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?



சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு நமக்கு வந்த மனுக்களில் ஒன்று தீக்காயச் சிகிச்சைக்கானது. வளைகுடாவில் இருக்கும் காக்காவின் கார் சரியாக ஸ்டார்ட் ஆகவில்லை. தம்பி செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, போர்டிகோவில் வைத்தே இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பார்த்திருக்கிறார். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், விரல்கள் தப்பின. ஒர்க்‌ஷாப் செலவை மிச்சம் பிடிக்க நினைத்ததை நாம் குறை சொல்லவில்லை. எதுவரை வீட்டில் செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வு. மிக நுண்ணிய துளைகள் வழியாகப் பெட்ரோலைப் பனிபோல் தூவும். துளையில் பிசின் படிந்தால் தூவல் கெட்டுவிடும். வண்டி நின்றபடி ஓடும்போது நடுங்கும், பிக்கப் குறையும், மைலேஜும் குறையும்.

நம் பகுதியில் மகன் லீவில் வரும்வரை வண்டி ஷெட்டிலேயே நிற்பது வழக்கம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய டேங்கில் படிந்த அழுக்கையும் எத்தனால் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பிவிடும். ஆகவே நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க் நிறைந்திருப்பது நல்லது. மாதம் இருமுறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். வாப்பாமார் சிலர் தினமும் ஷெட்டுக்குள்ளேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார்கள். அதனால் பயனில்லை, மூடிய ஷெட்டில் அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

வண்டி நடுங்கினால் முதலில் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள். பாதி நேரம் இன்ஜெக்டர் மீது வீண் பழிதான். அவை சரியாக இருந்தால், டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் வாங்கி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் ஊற்றி, நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரை ஒருமுறை போய் வாருங்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் தனித்தனி பாட்டில். வீட்டு வேலை இத்துடன் முடிந்தது. அப்படியும் சரியாகாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் மெஷினில் வைத்துக் கழுவி, எல்லா இன்ஜெக்டரும் ஒரே அளவு தூவுகிறதா என்று அளந்து பார்ப்பார்கள். வீட்டில் அதை அளக்க வழியில்லை. ஊசியால் குத்தினால் துளை கெட்டு, புது இன்ஜெக்டர்தான் வாங்க வேண்டிவரும்.

கழற்றுவது ஏன் ஆபத்து? பெட்ரோல் லைனில் 3, 4 பார் அழுத்தம் உண்டு. டயர் காற்றைவிட அதிகம். இஞ்சினை நிறுத்தியதும் அது உடனே இறங்குவதில்லை, கழற்றும்போது பீறிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து அடுக்களை அடுப்புவரை போகும். வீடியோக்களில் பேட்டரி வயரை இன்ஜெக்டரில் தொட்டுத் தொட்டு எடுக்கிறார்கள். தொடும்போதெல்லாம் பொறி பறக்கலாம். மேற்படி வீட்டில் தீப்பிடித்தது அப்படித்தான்.

டீசல் வண்டியைத் தொடவே வேண்டாம். காமன் ரயில் டீசலில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகும். கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இராது. சில மணி நேரத்தில் வீங்கி விரலையே எடுக்க நேரிடலாம். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், அல்லது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ‘டீசல் உள்ளே பாய்ந்தது’ என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவக் கூடாது.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் நம் ஆம்புலன்ஸைப் பராமரிக்கும் மெக்கானிக் டிரஸ்ட் அலுவலகத்தில் இருப்பார். சந்தேகம் உள்ளவர்கள் வண்டியைக் கொண்டுவந்து காட்டலாம். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.